“பாலடின் என்றால் என்ன?” – அல்டிமா தொடரின் சரிவு: ஒரு நிகழ்வு ஆய்வு

1999 நவம்பர் கடைசியில், ‘அல்டிமா’ என்ற கணினி கேம் தொடரின் ஒன்பதாம் பாகமான ‘அல்டிமா 9: அசென்ஷன்’ வெளிவந்தது. அதில் ஓர் உரையாடல். எதிரில் நிற்பவர் பேச்சுவாக்கில் ‘பாலடின்’ என்கிறார். கதாநாயகன் திருப்பிக் கேட்கிறான்: “பாலடின் என்றால் என்ன?”

இந்தத் தொடரை முதல்முறை தொடுகிறவருக்கு அது சாதாரணக் கேள்வி. பதினெட்டு வருடமாகக் கூடவே வந்தவர்களுக்கு அப்படி இல்லை. பாலடின் என்பவன் மானத்தைக் காக்கும் போர்வீரன். 1985-ல் வந்த நான்காம் பாகத்தில் நமக்கு அமையக்கூடிய எட்டுத் தொழில்களில் அதுவும் ஒன்று. பாகம் பாகமாக நம்முடன் நடந்த தோழன் டூப்ரே ஒரு பாலடின். 1993-ல் வந்த ஏழாம் பாகத்தின் இரண்டாம் பகுதியில், உலகம் பிழைக்க வேண்டும் என்பதற்காக அவன் எரியும் நெருப்பில் தானாகவே இறங்கி உயிர்விடுகிறான். அந்தத் தோழனை இழந்த அதே கதாநாயகன் கேட்கிற கேள்வி இது.

அல்டிமா ஏன் விழுந்தது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற பெரிய கேம் நிறுவனம் அதை வாங்கியது, அவசரப்படுத்தியது, கொன்றது. இதில் உண்மை இருக்கிறது. ஆனால் பாதிதான். நான் பார்த்தவரை இந்தத் தொடரின் உயிர் அதன் நினைவில் இருந்தது. நாம் செய்ததை அது மறக்காது. அந்த நினைவு எங்கே, யார் கையில், எதனால் தொலைந்தது என்று பின்தொடர்ந்து போனால், வாங்கியவர்களிடம் மட்டும் பழியைப் போட்டுவிட்டு நகர முடியவில்லை.

முன்கதை

ரிச்சர்ட் காரியட் அமெரிக்காவின் டெக்சஸில், ஹூஸ்டன் பக்கம் வளர்ந்தவர். தந்தை ஓவன் காரியட் 1973-ல் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தில் தங்கிய விண்வெளி வீரர். மகன் பள்ளி வயதிலேயே ஆப்பிள் 2 கணினியில் நிலவறைச் சாகச கேம் ஒன்றை எழுதினார். ‘அகலபெத்’ என்று பெயர். தான் வேலை பார்த்த கணினிக் கடையிலேயே அதை பிளாஸ்டிக் பையில் போட்டு விற்றார். 1980-ல் ஒரு பதிப்பு நிறுவனம் அதை எடுத்துக்கொண்டது. அடுத்த வருடம் முதல் அல்டிமா. 1982-ல் இரண்டாவது, பெட்டிக்குள் துணியில் அச்சிட்ட வரைபடம் வைக்க வேண்டும் என்று காரியட் பிடிவாதமாக நின்றார், அதை ஏற்ற நிறுவனத்துக்கே கேமைக் கொடுத்தார். 1983-ல் அண்ணன் ராபர்ட்டுடன் சேர்ந்து ஆரிஜின் சிஸ்டம்ஸ் என்ற சொந்த நிறுவனம். அதன் முதல் வெளியீடு மூன்றாம் பாகம்.

சொந்த நிறுவனம் வந்ததும் விளையாடியவர்களின் கடிதங்கள் நேராக காரியட் கைக்கு வந்தன. படித்துப் பார்த்தால், மக்கள் ஊர்க்காரர்களைக் கொன்று, கடைகளில் திருடி, எது குறுக்கு வழியோ அதில் போய் வென்றிருந்தார்கள். கேம் அவர்களை வீரர்கள் என்று வாழ்த்தி அனுப்பியிருந்தது. அந்த உறுத்தலில் பிறந்ததுதான் நான்காம் பாகம், ‘குவெஸ்ட் ஆஃப் தி அவதார்’.

அதில் வீழ்த்த வேண்டிய பெரிய வில்லன் கிடையாது. நேர்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்ற எட்டுக் குணங்களில் தேறி ‘அவதார்’ ஆவதே குறிக்கோள். சொல் நம் அவதாரம்தான். இந்து சமயத்திலிருந்து எடுத்துக்கொண்டார்.

கண் தெரியாத கடைக்காரி

நான்காம் பாகத்தை நான் விளையாடியது அது வெளிவந்து கால் நூற்றாண்டு கழிந்த பிறகு. சட்டப்படி இலவசமாகக் கிடைக்கிறதே என்று இறக்கினேன். படங்கள் எல்லாம் சின்னச் சின்னக் கட்டங்கள். மந்திரம் போட மூலிகைகள் வேண்டும், பூண்டு, ஜின்செங், சிலந்தி நூல் என்று. விற்கிற பெண்ணுக்குக் கண் தெரியாது. எத்தனை வேண்டும் என்று சொன்னால் விலையைச் சொல்வாள். பிறகு, எவ்வளவு தருகிறாய் என்று கேட்பாள். தொகையை நாமே தட்டச்சு செய்ய வேண்டும். ஒரே ஒரு பொற்காசு கொடுத்தாலும் வாங்கிக்கொள்வாள். நன்றிகூடச் சொல்வாள்.

நான் முதல் முறை குறைத்துத்தான் கொடுத்தேன். கையில் காசு இல்லை, வெளியே அரக்கர்கள் சுற்றுகிறார்கள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எதுவும் நடக்கவில்லை. மணி அடிக்கவில்லை, காவலர் வரவில்லை, திரையில் எந்தக் கணக்கும் குறையவில்லை. பல நாள் கழித்து லார்ட் பிரிட்டிஷ் மன்னனின் கோட்டையில் ஹாக்விண்ட் என்ற ஞானியிடம் என் நேர்மையைப் பற்றிக் கேட்டேன். நீ திருடன், இப்படியே போனால் அவதார் ஆக மாட்டாய் என்று அவர் சொன்னபோது முகம் சுருங்கிப்போனது. அந்தப் பெண்ணுக்குக் கண் தெரியாவிட்டாலும் கேம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது.

அறுபத்து நான்கு கே.பி. நினைவகம் மட்டுமே கொண்ட கணினியில் இதைச் செய்தார்கள்.

பாகங்களுக்கு நடுவிலும் அந்த நினைவு ஓடியது. 1988-ன் ஐந்தாம் பாகத்தில் அதே எட்டுக் குணங்களை பிளாக்தார்ன் என்ற ஆட்சியாளன் கட்டாயச் சட்டமாக்கிவிடுகிறான். பொய் சொன்னால் நாக்கு போகும். நான்காம் பாகத்தில் நாம் கும்பிட்ட குணங்கள் இங்கே கொடுமைக்குக் கருவியாகின்றன. 1990-ன் ஆறாம் பாகம் இன்னும் கூர்மை. பேய் மாதிரி தோற்றமுள்ள கார்கோயில்கள் நாட்டின் மேல் படையெடுக்கின்றன. அடித்துத் துரத்தப் போகிற நமக்கு மெதுவாகத்தான் புரிகிறது: நான்காம் பாகத்தில் நாம் தேடிப் போன புனித நூல் அவர்களுக்கும் புனிதம், அது போனதில் அவர்களுடைய உலகமே இடிந்தது. அவர்கள் கண்ணில் நாம் பொய்த் தீர்க்கதரிசி. ஐந்து வருடத்துக்கு முன்னால் செய்து கொண்டாடிய செயலுக்கு ஒரு கேம் திரும்பி வந்து கணக்குக் கேட்டது.

ரொட்டி சுடும் உலகம்

1992 ஏப்ரலில் ஏழாம் பாகம், ‘தி பிளாக் கேட்’. தொடரின் உச்சம் இதுதான், எனக்கு இதில் சந்தேகமே இல்லை. டிரின்சிக் ஊரின் குதிரை லாயத்தில் கொல்லன் ஒருவன் கொலையுண்டு கிடப்பதில் கதை தொடங்குகிறது. தரையில் ரத்தம், லாயக்காரன் நடுங்கிக்கொண்டு நிற்கிறான். ஆனால் பழைய ரசிகர்களிடம் இந்த கேமைப் பற்றிக் கேட்டால் கொலையைச் சொல்ல மாட்டார்கள், ரொட்டியைச் சொல்வார்கள்.

கேமுக்குள் வரும் பிரிட்டன் என்ற நகரத்து ரொட்டிக்கடையில் மாவு மூட்டை இருக்கிறது. மாவை மேசையில் கொட்டி, வாளித் தண்ணீரை விட்டால் பிசைந்த மாவாகும். அடுப்பில் வைத்தால் ரொட்டி. சுட்ட ரொட்டியைக் கடைக்காரரிடமே விற்றுக் கூலி வாங்கலாம். கம்பளியை நூலாக நூற்று, தறியில் துணி நெய்யலாம். இதெல்லாம் கதைக்குத் துளியும் தேவையில்லை. ஊர்க்காரர்கள் காலையில் எழுந்து, சன்னலைத் திறந்து, வேலைக்குப் போய், மாலையில் மதுக்கடையில் உட்கார்ந்து, இரவில் படுக்கைக்குத் திரும்புவார்கள். நாம் பார்க்காதபோதும் அந்த ஊர் நடந்துகொண்டே இருக்கிறது என்ற நம்பிக்கை விளையாடுகிறவருக்கு வந்துவிடும். அந்த நம்பிக்கைதான் அல்டிமா.

இதே கேமில் எலிசபெத், ஆபிரகாம் என்று இரண்டு கொலைகாரர்கள் போகிற ஊரெல்லாம் நாசம் விட்டுச் செல்கிறார்கள். வில்லனின் இயந்திரங்கள் கனசதுரம், கோளம், நான்முகி என்ற மூன்று வடிவங்களில் இருக்கின்றன. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸின் முதலெழுத்துகளும் அதன் அன்றைய சின்னத்தின் சதுரம், வட்டம், முக்கோணமும் அவை. போட்டி நிறுவனத்தின் மேல் இருந்த கோபத்தை ஆரிஜின் இப்படிக் காட்டியது. அதே வருடம் செப்டம்பரில், சுமார் 3.5 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளுக்கு, ஆரிஜின் அதே நிறுவனத்திடம் விற்கப்பட்டது.

விற்பதற்கு முன்பே இருந்த விரிசல்

காரியட்டுக்கு ஒரு கொள்கை இருந்தது. ஒவ்வொரு எண்ணிட்ட அல்டிமாவையும் அடியிலிருந்து புதிதாக எழுத வேண்டும். பழைய எஞ்சினை, அதாவது கேமை இயக்கும் அடிப்படை மென்பொருளை, வைத்து ஒப்பேற்றக் கூடாது. ஏழாம் பாகத்தின் எஞ்சினிலேயே செய்யப்பட்ட ‘சர்ப்பன்ட் ஐல்’ எட்டாம் பாகம் என்று பெயர் பெறாமல் ‘ஏழாம் பாகம், இரண்டாம் பகுதி’ என்று வந்ததற்குக் காரணமும் அதுதான்.

தனி ஆள் ஒரு வருடம் உட்கார்ந்து எழுதிய 1980-களில் இந்தக் கொள்கை பெருமைக்குரியது. ஒவ்வொரு பாகமும் முந்தையதைவிடப் பெரிய தாவல் தாவியது இதனால்தான். ஆனால் குழு பெருகி, படமும் ஒலியும் சேர்ந்து, செலவு லட்சக்கணக்கில் ஏறிய பிறகும் அதையே பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஏழாம் பாகத்துக்கென்று ‘வூடூ’ என்ற தனி நினைவக மேலாண்மையையே எழுதினார்கள். அது மற்ற நினைவக மென்பொருள்களுடன் ஒத்துப்போகாது. கேமை ஓட்டுவதற்கென்றே பலரும் தனி பூட் ஃப்ளாப்பி (கணினியைத் தொடங்கி வைக்கும் வட்டு) தயார் செய்து வைத்திருந்தார்கள். அவ்வளவு உழைப்பில் உருவான எஞ்சினை இரண்டு கேம்களோடு தூக்கிப் போட்டார்கள்.

எஞ்சினைத் தூக்கிப் போட்டால் ரொட்டியும் போகும் என்பதுதான் விஷயம். அடுப்பு, தறி, சன்னல், ஊர்க்காரரின் தினசரி வேலை எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டும். கெடு நெருங்கும்போது எதை வெட்டலாம் என்று பார்த்தால், கதைக்குத் தேவையில்லாத ரொட்டிதான் முதலில் கண்ணில் படும்.

அந்தப் பக்கம் ஆரிஜினுக்குள்ளேயே ‘விங் கமாண்டர்’ என்ற விண்வெளிப் போர்த் தொடர் 1990-லிருந்து பெரும் விற்பனை கண்டது. வீட்டில் அல்டிமா மூத்த பிள்ளை. சம்பாதித்துக் கொடுப்பது இளையவன் என்றாகிவிட்டது. இந்த நிலையில் பங்குச் சந்தையில் காலாண்டுக் கணக்குக் காட்ட வேண்டிய ஒரு நிறுவனம் உரிமையாளரானது. கெடு என்பது இனி ஆரிஜின் தானே தள்ளிவைத்துக்கொள்ளக்கூடிய ஒன்றாக இல்லை.

‘சர்ப்பன்ட் ஐல்’ அந்த அழுத்தத்தின் முதல் தழும்பைச் சுமக்கிறது. முதல் பாதியில் ஊர்களும் மனிதர்களும் அத்தனை செழிப்பு. பின்பாதியில் ஒரு பேரழிவு வந்து ஊர்க்காரர்கள் ஏறக்குறைய எல்லோரும் செத்துக் கிடக்கிறார்கள், பேசுவதற்கு ஆளில்லை. எழுதி முடிக்க நேரமில்லாத கதைகள் அங்கே பிணங்களாகக் கிடப்பதாகத்தான் எனக்குத் தோன்றும்.

எட்டாம் பாகம்

1994 மார்ச்சில் ‘பேகன்’ வந்தது. தொடங்கிய சில நிமிடங்களில் துறைமுகத்தில் ஒருவனுக்கு மரண தண்டனை, தலை உருளுகிறது. மனதை உலுக்கும் ஆரம்பம் என்று நிமிர்ந்து உட்காருவோம். அதற்குப் பிறகு எல்லாமே குறைந்துகொண்டே போகும். முழு உலகத்துக்கும் ஒரே ஒரு நகரம். தோழர்கள் யாரும் கிடையாது. எட்டுக் குணங்கள் இல்லை. அவற்றுக்குப் பதிலாகக் குதிக்க வேண்டும். மிதக்கும் பாறைகளிலிருந்து நகரும் பாறைகளுக்கு, சரியான கணத்தில், சரியான தூரத்துக்கு. தவறினால் தண்ணீர், தண்ணீர் பட்டால் உடனே மரணம். ஏழு பாகங்களாகக் கப்பலோட்டிக் கடல் கடந்தவன் இங்கே ஒரு வாய்க்காலில் விழுந்து சாகிறான்.

பிற்பாடு பேட்ச் என்கிற திருத்தம் ஒன்று வந்து குதிப்பதைச் சுலபமாக்கியது. ஆனால் விலகிப்போன ரசிகர்களைத் திருப்பிக் கொண்டுவர அதனால் முடியவில்லை. பெரும்பாலும் முடிந்திருந்த ‘லாஸ்ட் வேல்’ என்ற கூடுதல் பாகம் கைவிடப்பட்டது. பங்குதாரர்களைத் திருப்திப்படுத்த எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தேன், கேம் மூன்று மாதம் முன்னதாகவே வெளியாகிவிட்டது என்று காரியட் பின்னர் வெளிப்படையாகவே சொன்னார். அந்த ஒப்புதலை நான் மதிக்கிறேன். ஆனாலும் மூன்று மாதம் கூடக் கிடைத்திருந்தால் பாறைகள் ஒழுங்காகியிருக்கும். தோழர்கள் திரும்பியிருக்க மாட்டார்கள். இந்த பாகம் முந்தையவற்றை மறந்தது கெடுவால் மட்டும் அல்ல. காலத்துக்கேற்ற அதிரடி வேண்டும் என்று நினைத்தே அப்படி வடிவமைத்தார்கள்.

ரொட்டி இணையத்துக்குப் போனது

அடுத்து நடந்ததை வெறும் சரிவு என்று சொல்ல மனம் வரவில்லை. ஒரே உலகத்தில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து வாழும் அல்டிமா ஒன்றைச் செய்யலாம் என்று ஆரிஜினில் சிலர் கேட்டார்கள். எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் தயங்கித் தயங்கி 2,50,000 டாலர் கொடுத்தது. மொத்தமே 30,000 பிரதி போகும் என்பது அவர்கள் கணிப்பு. சோதனைப் பதிப்பின் சி.டி.க்கு ஐந்து டாலர் என்று அறிவித்ததும் சுமார் 50,000 பேர் பணம் கட்டினார்கள். 1997 செப்டம்பரில் ‘அல்டிமா ஆன்லைன்’ திறந்தது. சில மாதங்களில் லட்சம் சந்தாதாரர்கள். 2003 வாக்கில் இரண்டரை லட்சம்.

தையல்காரர், கொல்லர், ரொட்டி சுடுகிறவர் என்று மனிதர்கள் அங்கே உண்மையிலேயே பிழைப்பு நடத்தினார்கள். வீடு கட்டினார்கள், கட்டிய வீடு மறுநாளும் அங்கேயே நின்றது. ஏழாம் பாகத்தின் ஆவி இந்த உடம்பில்தான் புகுந்தது. ஆனால் அதற்கான விலையை ஒன்பதாம் பாகம் கொடுத்தது. ஆன்லைன் கேமை முடிக்க ஆள் தேவைப்பட்டபோது ஒன்பதாம் பாகத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்களை அங்கே மாற்றினார்கள். அவர்கள் திரும்பி வந்தபோது கம்ப்யூட்டர் உலகம் முப்பரிமாணப் படங்களைக் காட்டும் கிராபிக்ஸ் அட்டைகளுக்குத் தாவியிருந்தது. சரி, மறுபடி முதலிலிருந்து. பழைய கொள்கை இப்போது கழுத்தில் கல்லாகத் தொங்கியது. கதையும் பலமுறை மாறியது. முன்னே எழுதப்பட்டிருந்த விரிவான கதைத் திட்டம் ஒதுக்கப்பட்டது. எட்டாம் பாகம் தொங்கவிட்ட முடிச்சுகளை அவிழ்க்க வேண்டிய கதை அது.

1994-லிருந்து 1999 வரை எண்ணிட்ட அல்டிமா எதுவும் வரவில்லை. அந்த இடைவெளியில் போட்டி கேம்கள் வந்தன: டயப்லோ வந்துவிட்டது, ஃபால்அவுட் வந்துவிட்டது, 1998 டிசம்பரில் பால்டர்ஸ் கேட் வந்துவிட்டது.

ஒன்பதாம் பாகம்

கிறிஸ்துமஸ் விற்பனையைப் பிடிக்க வேண்டும் என்று ‘அசென்ஷன்’ கடைக்கு அனுப்பப்பட்டது. 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் கிராபிக்ஸ் அட்டை வைத்திருந்தவர்களுக்கு ஓரளவு ஓடியது. மற்றவர்களுக்குத் திணறியது, நின்றது, சில இடங்களில் கதையையே முடிக்க முடியவில்லை. பேட்ச் மேல் பேட்ச் வந்தது. கடைசியில் பதிவு செய்திருந்தவர்களுக்குத் திருத்திய சி.டி.யைத் தபாலில் அனுப்பினார்கள்.

நியாயமாகச் சொன்னால் அதில் அழகு உண்டு. திறந்த கடலில் சூரியன் மறைவதும், குன்றேறிப் பார்த்தால் எதிர்க்கரை ஊர் தெரிவதும் 1999-ல் வேறெங்கும் எளிதில் கிடைக்காதவை. மாவு பிசைந்து ரொட்டி சுடுவதும்கூடத் திரும்பியிருந்தது. ரசிகர்கள் ரொட்டி முதலிய பொருட்களைக் கடல்மேல் ஒவ்வொன்றாக அடுக்கிப் பாலம் போட்டு, போகக்கூடாத தீவுகளுக்கெல்லாம் நடந்துபோனார்கள். அதைப் படிக்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். அந்த உலகத்தை அவ்வளவு தூரம் நம்பத் தயாராக இருந்த ஜனங்கள் அவர்கள்.

ஆனால் நகரங்கள் சில வீடுகளாகச் சுருங்கியிருந்தன. தோழர்கள் கூட நடப்பதில்லை. எட்டாம் பாகத்தின் முடிவுக்கு ஒழுங்கான தொடர்ச்சி இல்லை. அப்புறம் அந்தக் கேள்வி: பாலடின் என்றால் என்ன? புதிதாக வருகிறவர்களுக்கு உலகத்தை விளக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் எழுதிய வசனம்தான். ஆனால் நான்காம் பாகத்தை எழுதியவர்கள் அறியாமையைக் கதாநாயகன் வாயில் வைக்கவில்லை. விளையாடுகிறவர் ஊர் ஊராகப் போய்க் கேட்டு, நோட்டில் எழுதி, தானே கற்றுக்கொள்ளட்டும் என்று விட்டார்கள்.

காரியட் 2000-ல் விலகினார். 2001-ல் ‘அல்டிமா ஆன்லைன் 2’ நிறுத்தப்பட்டது. 2004 பிப்ரவரியில் ஆரிஜின் மூடப்பட்டது. அதே வருடம் ஜூனில் ‘அல்டிமா எக்ஸ்’ நிறுத்தப்பட்டது. அல்டிமா பெயரில் 2010-ல் ஒரு பிரவுசர் கேமும் 2013-ல் ஒரு மொபைல் கேமும் வந்து சில வருடங்களில் அணைந்தன. காரியட் 2013-ல் ரசிகர்களிடம் நிதி திரட்டித் தொடங்கிய ‘ஷ்ரவுட் ஆஃப் தி அவதார்’ 2018-ல் வந்தது. பழைய கூட்டம் திரும்பவில்லை.

வேறு வழி இருந்ததா?

இருந்தது என்றே நினைக்கிறேன். எஸ்.எஸ்.ஐ. நிறுவனம் 1988-ல் தொடங்கிய ‘கோல்ட் பாக்ஸ்’ எஞ்சினில் வருடாவருடம் கேம் கொடுத்தது. பால்டர்ஸ் கேட்டின் எஞ்சினில் 1998-க்கும் 2002-க்கும் நடுவில் ஐந்து கேம்கள் வந்தன. அவற்றில் ‘பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்’ இருக்கிறது, ‘பால்டர்ஸ் கேட் 2’ இருக்கிறது. எஞ்சினை மாற்றாமல் மிச்சப்படுத்திய நேரத்தை மனிதர்களையும் கதையையும் எழுதச் செலவழித்தார்கள். ஏழாம் பாகத்தின் எஞ்சினில் இன்னும் மூன்று அல்டிமாக்கள் வந்திருந்தால், வாங்கியவர்களின் கெடுவையும் சமாளித்திருக்கலாம், ஊர்களையும் காப்பாற்றியிருக்கலாம். கெடுவை வைத்தது எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ். அந்தக் கெடுவுக்குள் ஒவ்வொரு முறையும் வீட்டை இடித்துக் கட்டியது ஆரிஜின்.

பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனத்தை நடத்தும் ஸ்வென் விங்க்கே, தன் கேம்களுக்கு ஏழாம் பாகம் முன்மாதிரி என்று பலமுறை சொல்லியிருக்கிறார். பெட்டியைத் தூக்கலாம், பீப்பாயை நகர்த்தலாம், திருடினால் ஊர் கவனிக்கும் என்ற பழைய வழக்கம் லாரியனின் 2023 கேமான ‘பால்டர்ஸ் கேட் 3’-ல் கோடிக்கணக்கானோரிடம் போய்ச் சேர்ந்தது.

அல்டிமா ஆன்லைன் இன்றும் ஓடுகிறது. 2014-லிருந்து பிராட்சோர்ட் என்ற சிறு நிறுவனம் பார்த்துக்கொள்கிறது. ஏழாம் பாகத்துக்கு ‘எக்ஸல்ட்’ என்ற புது எஞ்சினை ரசிகர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அசல் கேமை வாங்கி அதில் இணைத்தால் பூட் ஃப்ளாப்பி தொல்லை இல்லாமல் இன்றைய கணினியில் ஓடும். நான்காம் பாகத்திலிருந்து தொடங்க நினைப்பவர்கள் பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள். யார் என்ன சொன்னார்கள் என்பதை அந்த கேம் எழுதி வைக்காது, நீங்கள்தான் எழுத வேண்டும். மூலிகைக் கடையில் சொன்ன விலையைக் கொடுத்துவிடுங்கள்.